கோடைக்கு ஒரு தோட்டம்

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடுகிறது. "எங்கே போய் உட்காருவது?" என்பதே அந்தக் கேள்வி. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, இரவு பத்து மணி வரையில் அந்த வெயிலை வீட்டுக்குள்ளே கக்கிக்கொண்டிருக்கிறது. மின்சார விசிறியோ அந்த வெப்பத்தையே வாரி நம் தலையில் கொட்டுகிறது. பணமுள்ளவர்கள் உதகமண்டலத்துக்கும் கோடைக்கானலுக்கும் மூட்டை கட்டுகிறார்கள். அவர்களுக்கு அடுத்த படியில் இருப்பவர்கள் ஓர் அறைக்கு மட்டும் குளிர்சாதன யந்திரம் வாங்கி வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, குடும்பத்தோடு அந்த அறைக்குள் சிறையிருக்கிறார்கள். மற்றவர்கள் ஐப்பசி மழையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்த மூன்று வகுப்பாரும் மறந்துவிட்ட ஓர் இடம் உண்டு. அது வாசற்படியிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு ரயில் கட்டணம் வேண்டாம். மாதந்தோறும் மின்சார பில்லைப் பார்த்துத் திடுக்கிடவும் வேண்டாம். வீட்டைச் சுற்றியுள்ள வெறும் நிலத்தைத்தான் சொல்லுகிறேன். அந்த நிலம் எவ்வளவு சிறியதானாலும் சரி, கோடை மாலையில் வீட்டார் எல்லோரும் வெளியே உட்கார்ந்து பேசவும், படிக்கவும், சாப்பிடவும், காற்று இசைந்தால் படுத்துறங்கவும் தக்க இடமாக அதைச் செய்துகொள்ளலாம். அதற்குப் பெரும் செலவு இல்லை. யோசனைதான் கொஞ்சம் வேண்டும்.

நெமிலிச்சேரியின் கதை

ஊர் பெயர் இல்லாமல் தோட்டத்தைப் பற்றிப் பேசுவது வீண். உதகையில் நன்றாயிருக்கும் தோட்டம் சென்னையில் ஒரு வாரங்கூடத் தாங்காது. ஆகையால் சென்னைக்கு மேற்கே, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கும் நெமிலிச்சேரியை எடுத்துக்கொள்வோம். 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்றே, அந்தப் பாதையை ஒட்டிய ஊர் இது. இப்போது வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் சுமார் 62 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையும் இதன் வழியாகவே செல்கிறது. ரயிலும் சாலையும் சேர்ந்த இடத்தில் மனைகளுக்குக் கேட்கவேண்டுமா? ஏரிகளும் வயல்களும் நிறைந்த அந்தப் பக்கத்தில் இன்று வீடுகள் வரிசை வரிசையாக முளைத்திருக்கின்றன.

அந்த வீடுகளை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். அரைக் கிரவுண்டு அல்லது ஒரு கிரவுண்டு மனை. ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. அதில் வீடு கட்டியது போக நான்கு புறமும் கொஞ்சம் நிலம் மிஞ்சுகிறது. வீடு கட்டி முடிந்த களைப்பில், மேஸ்திரி சொல்லும் கடைசி யோசனைக்கு வீட்டுக்காரர் தலையாட்டிவிடுகிறார். "மிச்சத்துக்கும் சிமெண்டு போட்டுவிடலாம், ஸார், காலில் மண் ஒட்டாது!" காலில் மண் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் அன்று முதல் அந்த வீட்டுக்குக் கோடையில் வெளியே உட்காருவது என்பது இல்லாமற் போகிறது.

காரணம் எளிதானது. கல்லும் சிமெண்டும் பகலில் வாங்கும் வெப்பத்தைச் சேர்த்து வைத்திருந்து, சூரியன் அஸ்தமித்த பிறகு மெதுவாக வெளியே விடுகின்றன. ஈரமுள்ள மண்ணும் பச்சிலையும் அப்படிச் செய்வதில்லை. அவற்றின் மேல் படும் வெயிலில் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. வேப்ப மரத்தடி குளுகுளுவென்று இருப்பதற்கு நிழல் பாதிக் காரணம். அந்த மரம் இலைகளின் வழியாக ஓயாமல் நீரை ஆவியாக விடுவது மற்றப் பாதி. ஆகவே கோடைத் தோட்டத்துக்கு முதல் சாமான் நாற்காலியும் அல்ல, மேஜையும் அல்ல, திறந்த மண்தான். வண்டி நிறுத்தவும் நடக்கவும் வேண்டிய இடத்துக்கு மட்டும் கல் பாவி, அதிலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி விட்டுப் புல் வளரச் செய்தால் போதும்.

இதில் வீட்டுச் சௌகரியம் மட்டுமா அடங்கியிருக்கிறது? 2019-ம் வருஷத்துக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுபோயின. குடத்தை வரிசையில் வைத்து லாரிக்காக ஜனங்கள் இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்ட தேசபக்தர் சத்தியமூர்த்தி 1943-ல் காலமானார். மறு வருஷமே அது கட்டி முடிந்தது. அவர் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. ஒரு தலைவர் ஊருக்கெல்லாம் தண்ணீர் தேடி வைத்தார். நாமோ நம் வீட்டின் மேல் விழும் மழைக்கு மண்ணுக்குள் இறங்க வழி விடாமல் சிமெண்டு போட்டு மூடுகிறோம்! மழைநீரைச் சேமிக்கும் அமைப்பு 2003-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று. சட்டத்துக்காக ஒரு குழி வெட்டுகிறவர்கள், மனதார நாலடி மண்ணைத் திறந்து விட்டால் அது இன்னும் சிலாக்கியம்.

சூரியனிடம் பாடம்

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரின் சரித்திரம் எல்லோருக்கும் தெரிந்தது. கோயில் கட்டக் கையில் பொருளில்லாத அவர், கல்லையும் மரத்தையும் மனத்திலேயே சேர்த்து, மனத்திலேயே கோயில் எழுப்பிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் வைத்தார். நெமிலிச்சேரிக்கு அடுத்த ஊர்க்காரரான அவர் வழியை நாமும் பின்பற்றலாம். கடைக்குப் போவதற்கு முன் தோட்டத்தை மனத்தில் கட்டுங்கள். அதற்கு ஒரு வாரம் சூரியனைக் கவனிக்கவேண்டும். காலை எட்டு மணிக்கும், நடுப்பகலிலும், மாலை நாலு மணிக்கும் வீட்டின் நிழல் எங்கே விழுகிறதென்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கை அவர்களிடம் விடுங்கள். பூகோளப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட இது நன்றாக மனத்தில் பதியும் என்பது உபாத்தியாயன் என்ற முறையில் என் அனுபவம்.

அப்படிக் குறித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். வீட்டுக்கு வடபுறம் எப்போதும் நிழலாயிருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேல்நாட்டுத் தோட்டப் புத்தகங்களும் அப்படியே சொல்கின்றன. சென்னையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேரே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்டு நடு வரையில் அது வடபுறமாகவே சாய்ந்து செல்கிறது. ஆகையால் அக்கினி நட்சத்திரத்தின் நாட்களில் வடபுறச் சுவரும் வெயிலில் காயும். புத்தகத்தை நம்பி வடக்கே பெஞ்சு போட்டவர்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான்!

மாலை நேரத்துக்குத் தக்க இடம் வீட்டின் கீழ்ப்புறம். உச்சி திரும்பியதும் வீடே அந்தப் பக்கத்துக்குக் குடை பிடிக்கிறது. மாலை நாலு மணிக்குள் நிலம் ஆறத் தொடங்கிவிடும். மேலும் கடற்காற்று வருவது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்துந்தான். நெமிலிச்சேரி கடலுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால், மயிலாப்பூருக்கு வந்த காற்று அங்கே வந்து சேர இன்னும் நேரமாகும். மேல்காற்று பலமாக வீசும் நாளில் வராமலே இருந்துவிடுவதும் உண்டு. 2003-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்றே, அத்தகைய நாட்களெல்லாம் மேல்காற்று கடற்காற்றைத் தடுத்து நிறுத்தும் நாட்களே. ஆனாலும் வரும் காற்றையாவது வரவிட வேண்டாமா? ஆறடி மதிற்சுவர் எழுப்பிவிட்டுக் காற்றில்லை என்று குறைப்படுவதில் என்ன நியாயம்? கீழ்ப்புறச் சுவர் மூன்றரை அடிக்கு மேல் வேண்டாம். மறைவு தேவையானால் அதன் உட்புறம் மருதாணி வேலி வையுங்கள். காற்று அதனூடே புகுந்து வரும். மேற்குப் புறத்தில் மட்டும் நிழலுக்கு எவ்வளவு தடுப்பு வைத்தாலும் தகும்.

பந்தலும் அதன் ஆபத்தும்

இடம் தெரிந்தாயிற்று. இனிக் கூரை. தமிழர்களுக்குப் பந்தல் போடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போடும் அதே பந்தலைக் கோடைக்கும் போட்டால் ஆயிற்று. பத்தடிக்குப் பத்தடி இருந்தால் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். நாலு சவுக்குக் கம்பம், மேலே குறுக்கும் நெடுக்குமாக மூங்கில், உயரம் எட்டு அல்லது ஒன்பது அடி. அதற்குத் தாழ்ந்தால் உள்ளே புழுங்கும். கிழக்கும் தெற்கும் திறந்திருக்கட்டும். மேற்கே தட்டி கட்டி மாலை வெயிலை மறையுங்கள்.

மேலே போடுவதற்குத் தென்னங்கீற்றைப் போன்ற குளிர்ச்சியான பொருள் வேறில்லை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டிலிருந்து கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் எவனும் அந்தத் தேதியை மறக்க முடியாது. காய்ந்த கீற்று வெடிமருந்துக்குச் சமானம். ஆகையால் கீற்றுப் பந்தலைச் சமையலறையை ஒட்டியோ, வீட்டுத் தாழ்வாரத்தோடு சேர்த்தோ போடக்கூடாது. அதற்குள் அடுப்பு மூட்டுவதும், மின்சாரக் கம்பியைக் கீற்றின் மேல் இழுப்பதும் கூடவே கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு உட்பட முடியாத சிறிய மனைகளுக்குக் கீற்று வேண்டாம்.

அவர்களுக்கு உயிருள்ள கூரை இருக்கிறது. தைப்பட்டத்தில் பந்தற்காலின் அடியில் பீர்க்கையும் புடலையும் விதையுங்கள். பங்குனிக் கடைசியில் பந்தல் மூடிவிடும். சித்திரையில் நிழலுக்கு நிழல், கறிக்குக் கறி. வருஷத்துக்கு வருஷம் விதைக்கச் சலிப்பாயிருந்தால் நித்தியமல்லியோ முல்லையோ சங்குப்பூவோ ஏற்றிவிடலாம். இரண்டு மூன்று வருஷத்தில் நிரந்தரமான கூரையாகிவிடும். கொடி வளருகிற வரையில் கடையில் விற்கும் பச்சை நிழல்வலையை மேலே கட்டிவைத்தாலும் பாதகமில்லை.

மேற்குத் தட்டிக்கு வெட்டிவேர் கிடைத்தால் விசேஷம். ஆனால் அதன் குணம் தெரிந்து உபயோகிக்கவேண்டும். வறண்ட மேல்காற்று அடிக்கும்போது தண்ணீர் தெளித்தால் காற்று சில்லென்று வரும். கடற்காற்று வந்த பிறகு காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். அப்போது தட்டியில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வாசனைதான் மிஞ்சும், குளிர்ச்சி இராது. கடற்காற்று வந்ததும் தட்டியைச் சுருட்டிக் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

மரமும் மலரும்

பந்தல் இந்த வருஷத்துக்கு. மரம் அடுத்த தலைமுறைக்கு. மேற்கு மூலையில் ஒரு மரத்துக்கு இடம் இருக்குமானால் புங்கத்தை முதலில் நினைக்கவேண்டும். மாசி பங்குனியில் பழைய இலையை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிடும். வெயிலின் பஞ்சாங்கத்தை அது நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறது! வேம்பும் அப்படியே, ஆனால் பெரிய மரமாகும். சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வைக்க இடமுள்ளவர்களுக்கு அது ஏற்றது. தென்னையின் அடியில் ஆசனம் போடவேண்டாம். நிழலும் சொற்பம், தலைக்கும் ஆபத்து. முருங்கை சமையலுக்கு உத்தமம். கம்பளிப்பூச்சியின் காலத்தில் அதன் அடியில் யாரும் உட்காரமுடியாது. அரசும் ஆலும் கோயிலுக்கும் குளக்கரைக்கும் உரியவை. வீட்டுச் சுவரைப் பிளந்துவிடும்.

பூவின் அழகைப் பார்த்து மட்டும் மரம் வைப்பது ஆபத்து. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, ஆழமாக வேரூன்றாத குல்மொஹர் முதலிய அயல்நாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. தெருவெங்கும் நிழல் தந்தவை ஒரே நாளில் தெருவை மறித்துக் கிடந்தன.

கோடைத் தோட்டத்தின் நேரம் மாலையும் இரவும். ஆகவே மாலையில் மலரும் பூக்களும், இருளிலும் கண்ணுக்குத் தெரியும் வெண்மையுமே அதற்கு அலங்காரம். குண்டுமல்லியைக் கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்து எருப் போட்டால் பங்குனி முதல் பூத்துக் குலுங்கும். சென்னைக் கோடையை எதிர்பார்த்து மலருகிற ஒரு செடி இருக்குமானால் அது மல்லிகைதான். ஆசனத்துக்குத் தெற்கிலோ கிழக்கிலோ அதை வையுங்கள். காற்று வாசனையைக் கொண்டுவந்து கொடுக்கும். நந்தியாவட்டை நிலவில் வெள்ளி பூசினாற்போல் நிற்கும். துளசி, ஓமவல்லி, திருநீற்றுப்பச்சை இவற்றை நடைபாதை ஓரத்தில் வைத்தால் புடவைத் தலைப்பு உரசும்போதெல்லாம் மணக்கும். விலையுயர்ந்த அயல்நாட்டுச் செடிகளை வாங்கி, அவற்றுக்கு நிழலும் நீரும் கொடுத்து நாம் வெயிலில் நிற்பதைவிட, நமக்கு நிழல் கொடுக்கும் செடிகளை வைத்துக்கொள்வது மேல் அல்லவா?

எதில் உட்காருவது?

இப்போது தட்டுமுட்டுச் சாமான்களுக்கு வருவோம். கடைகளில் "தோட்ட நாற்காலி" என்று இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் விற்கிறார்கள். சென்னை வெயிலில் கிடந்த இரும்பு நாற்காலியில் மூன்று மணிக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கும் வேகத்தைப் பார்க்கவேண்டும்! பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு மூன்று கோடையில் வெளுத்து நொறுங்குகிறது. பிறகு அது மண்ணில் மக்குவதுமில்லை.

நம் நாட்டுச் சாமான்களோ இந்த வெயிலிலேயே பிறந்தவை. பனை நார்க் கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பனையைத் தமிழ்நாட்டின் மரமாகச் சர்க்கார் ஏற்றுக்கொண்டிருக்கிறது; ஆனால் அதன் நாரால் பின்னிய கட்டிலை வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளத்தான் நமக்கு வெட்கம். உடம்புக்குக் கீழேயும் காற்றோட்டம் கொடுக்கும் படுக்கை அதைப்போல் வேறில்லை. கயிற்றுக் கட்டிலும் அதன் சகோதரிதான். பகலில் நாலு பேர் உட்காரலாம், இரவில் ஒருவர் படுக்கலாம், மழை வந்தால் ஒரே ஆள் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம். கோரைப் பாய் விரித்தால் குழந்தைகளுக்கு வேறு ஆசனமே வேண்டாம். பத்தமடைப் பாய் தாமிரபரணிக் கோரையில் பட்டுப்போல் நெய்தது. அதைப் புழுதியில் போடாமல் கட்டிலின் மேல் விரிக்கலாம். பிரம்பு நாற்காலியும் மோடாவும் நிழலிலேயே இருக்கவேண்டும். வெயிலில் காய்ந்தால் பிரம்பு முறியும்.

அசையாத ஆசனம் வேண்டுமென்றால் கீழ்ப்புறச் சுவரை ஒட்டி ஒரு திண்ணை கட்டிக்கொள்ளலாம். உயரம் ஒன்றரை அடி, அகலம் இரண்டடி. மேலே கறுப்புக் கடப்பைக் கல் வேண்டாம். அது வெயிலை உறிஞ்சும். செங்கல் ஓடு பதித்தால் கால் பொறுக்கும். வயதானவர்கள் சாய்ந்துகொள்ள ஒரு சரிவு வைத்தால், பழைய வீடுகளில் பாட்டனார் படுத்திருந்த அந்தத் திண்ணையே திரும்பி வந்தாற்போலிருக்கும். வலுவான மரம் இருந்தால் ஊஞ்சல். இல்லாவிட்டால் ஊஞ்சல் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு மண்பானைத் தண்ணீர், நாலு பனையோலை விசிறி, நுங்கு வெட்ட ஓர் அரிவாள்: சாமான் ஜாபிதா இத்துடன் முடிகிறது.

தண்ணீர், கொசு, விளக்கு

கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாத்திரம் கழுவிய நீரையும் குளித்த நீரையும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள். நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் செடிகளின் அடியில் மூன்று அங்குலத்துக்குப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது. இரண்டு நாளைக்கு ஒரு முறை நீர் விட்டால் போதும். விடியற்காலையிலாவது அந்தியிலாவது வேரில் ஊற்றவேண்டும். உச்சி வெயிலில் இலைமேல் தெளிப்பது ஆவிக்குத் தானம் கொடுப்பதாகும்.

கொசுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை யாரும் நம்பமாட்டார்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தேங்கிய நல்ல தண்ணீரிலேயே பிறக்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகையால் பூந்தொட்டியின் அடித்தட்டு, பறவைக்கு வைத்த கிண்ணம், மூலையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் வாரத்தில் ஒரு நாள் கவிழ்த்துவிடவேண்டும். வெள்ளிக்கிழமை வீடு மெழுகுவதுபோல் இதையும் ஒரு விரதமாக வைத்துக்கொள்ளலாம். தாமரைத் தொட்டி வைத்தால் அதில் மீன் விடுங்கள். மாலையில் ஒரு மின்சார விசிறியைப் பந்தலுக்கு வெளியே, ஆசனத்தைப் பார்க்க வைத்தால், கொசுவுக்கு அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்கும் சக்தி கிடையாது.

விளக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெள்ளை வெளேரென்ற விளக்கு பூச்சிகளையெல்லாம் அழைத்து வரும். மஞ்சள் ஒளி தரும் சிறு விளக்கு ஒன்றைத் தாழ்வாக வைத்தால் படி தெரியும், முகம் தெரியும், வானமும் தெரியும்.

யாருக்காக?

இவ்வளவும் செய்த பிறகு அந்த இடத்தில் யார் உட்காரப்போகிறார்கள்? இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. பல வீடுகளில் மாலைக் காற்று புருஷர்களுக்கு மட்டும் சொந்தம். அவர்கள் வெளியே விசிறிக்கொண்டிருக்க, உள்ளே அடுப்பின் அருகில் பெண்கள் வியர்வையில் குளித்துக்கொண்டு காபியும் பலகாரமும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டம் வைத்தால் பெருக்குவதும் தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் தலையில் விழுகின்றன. அப்படியானால் தோட்டம் அவர்களுக்கு மற்றொரு அடுப்படிதான். வேலையைப் பங்கு போடுங்கள். செடிக்கு நீர் பிள்ளைகள் பொறுப்பு. பந்தலும் வாய்க்காலும் ஆண்கள் பொறுப்பு. கோடையில் இரவுச் சாப்பாட்டைச் சூரியன் சாய்வதற்குள் எளிதாக முடித்துவிட்டு, தயிர்ச் சோற்றை ஒரே பாத்திரத்தில் பிசைந்து வெளியே கொண்டுவந்து கையில் உருட்டிப் போட்டால், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காற்றும் சாப்பாடும் கிடைக்கும். நிலாச்சோறு என்று நம் பாட்டிமார் வைத்திருந்த ஏற்பாட்டின் ரகசியம் இதுதான்.

நிலமே இல்லாத மாடிக் குடித்தனக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மொட்டைமாடித் தளத்துக்கு வருஷந்தோறும் மாசி மாதத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்; கீழே உள்ள அறையும் குளிரும். மாடியில் பெரிய தொட்டிகளைச் சுவர்களும் தூண்களும் உள்ள ஓரங்களிலேயே வையுங்கள். நனைந்த மண் மிகுந்த பாரம். ஆறு தொட்டி மல்லிகையும், ஒரு கோரைப் பாயும் இருந்தால் அங்கேயும் ஒரு தோட்டம்தான்.

சித்திரை வெயிலை நாம் குறைக்கமுடியாது. வரும் வருஷங்களில் அது ஏறுமே தவிர இறங்காது என்று வானிலை சாஸ்திரிகள் சொல்கிறார்கள். நெமிலிச்சேரியைப்போல் புதிதாக வளரும் ஊர்களில் இன்னும் சிமெண்டு மூடாத மண் பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் மேஸ்திரியின் கடைசி யோசனைக்குத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டி, "வேண்டாம், மண்ணாகவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால், ஒரு தெருவே சில வருஷங்களில் குளிர்ந்துவிடும். அந்தத் தெருவில் வாசலுக்கு வெளியேயும் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு குவளையும் வையுங்கள். வெயிலில் வருகிற தபால்காரருக்கும் கீரைக்காரிக்கும் நம் தோட்டத்தின் குளிர்ச்சியில் ஒரு பங்கு உண்டு.